லோடு போடுகிற கை நீண்டால்: லாரி அலுவலகத்துக்கு உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

சங்ககிரியில் நான் கணக்கு எழுதும் லாரி அலுவலகம் ஒன்றில், லோடு போடுகிறவருடைய, அதாவது லாரிகளுக்குச் சரக்குப் பிடித்து அனுப்பும் மேனேஜருடைய, மேசையில் ஒரு கைப்பேசியும் சட்டைப் பையில் இன்னொரு கைப்பேசியும் இருக்கும். மேசையில் கிடப்பது அடித்தால் உட்கார்ந்த இடத்திலேயே எல்லோருக்கும் கேட்கும்படி பேசுவார். பையில் இருப்பது அடித்தால் எழுந்து வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். இதை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்து, லோடு கொடுப்பதில் அவர் ரகசியமாகக் காசு வாங்குகிறார் என்று சந்தேகப்பட்ட முதலாளி, போன மாதம் ஒரு நாள் டிரிப் நோட்டை என் முன்னால் வைத்து, "ஆளை மாத்தறதுங்களா, முறையை மாத்தறதுங்களா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவருக்கு 24 வண்டிகள். லோடு போடுகிறவர் அவருடைய மைத்துனர். அன்று நான் வாயால் சொன்ன பதில் அரைகுறையானது; அதையே நிதானமாக யோசித்து, அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழில் பெரும்பாலும் உறவுக் கூட்டில் வளர்ந்தது. ஓட்டுநராக இருந்தவர் கடன் வாங்கி ஒரு வண்டி எடுப்பார். பங்காளியும் மச்சானும் பங்கு போடுவார்கள். நான்கு வண்டி சேர்ந்ததும் ஓர் அறையைப் பிடித்து அலுவலகம் என்று பெயர் வைத்து, அதில் நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவரை உட்கார வைப்பார்கள். ஆகவே இங்கே ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது என்பது அடுத்த மாரியம்மன் நோம்பிக்கு யார் வீட்டுக்கு யார் போவார்கள் என்பதையும் சேர்த்து முடிவு செய்வதாகும். எந்த வழியை எடைபோட்டாலும் இந்தச் செலவையும் தராசில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

அந்த நாற்காலியில் மூன்று அதிகாரங்கள் சேர்ந்து இருக்கின்றன. எங்கே என்ன லோடு கிடக்கிறது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அதை என்ன வாடகைக்கு முடிப்பது என்று புரோக்கரிடம் பேசுபவரும் அவரே. எந்த வண்டியை அனுப்புவது என்று சொல்பவரும் அவரே. கணக்குப் புத்தகத்தில் வருவதெல்லாம் நடந்து முடிந்த டிரிப் மட்டும்தான். கொடுக்காமல் விட்ட லோடுக்கும், பேசாமல் விட்ட வாடகைக்கும் எந்தக் கணக்கிலும் பத்தி கிடையாது. நான் எல்லா வவுச்சர்களையும் எல்.ஆர். (சரக்கு ஏற்றியதற்கான லாரி ரசீது) நகலோடு ஒத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்ட மாதங்களிலேயே இந்தத் திருட்டு நடந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் 'கமிஷன் அடிக்கிறான்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவதால்தான், ஒரு நோய்க்கான மருந்தை இன்னொரு நோய்க்குக் கொடுத்துவிட்டு, குணமாகவில்லை என்று புலம்புகிறோம். நான் பார்த்த வரையில் வாசல்கள் மூன்று.

முதல் வாசல் ஓட்டுநர். நல்ல டிரிப் என்றால் நெடுந்தூரம், இறக்கும் இடத்தில் காத்திருப்பு இல்லாமை, திரும்பி வர உடனே லோடு. கெட்ட டிரிப் என்றால் பக்கத்து ஊர் ஓட்டம், அல்லது மூன்று நாள் வரிசையில் நிற்க வைக்கும் கிடங்கு. வாடகையில் சதவீதமாகவோ ஓடிய கிலோமீட்டருக்கோ கூலி வாங்குகிற ஓட்டுநருக்கு வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஏனுங்க, ஐநூறு ரூவா கொடுக்கோணும்னு எனக்கு ஆசைங்களா? நாலு நாள் ஷெட்டுல நின்னா பேட்டா இல்லீங்க. ஊட்டுக்கு என்னத்தை அனுப்பறது?" இந்த ஐநூறு முதலாளியின் பணம் இல்லை என்பதால் பல முதலாளிகள் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கொடுத்தவர் அதை வண்டியிலிருந்துதான் திருப்பி எடுப்பார். வழியில் விற்கும் டீசல் பாதி விலைக்குத்தான் போகும் என்று வைத்துக்கொண்டால், ஐநூறு ரூபாயைத் தேற்ற ஆயிரம் ரூபாய் டீசல் டேங்க்கிலிருந்து இறங்க வேண்டும். அதற்கும் மனம் வராத நல்ல ஓட்டுநர் வேறு அலுவலகத்துக்குப் போய்விடுகிறார். ஆள் கிடைக்காமல் வண்டிகள் நிற்கும் காலத்தில் எனக்கு இதுதான் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

இரண்டாவது வாசல் புரோக்கர். சேலத்து ஜவ்வரிசி நாக்பூருக்குப் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அன்றைய சந்தை வாடகை 70,000 ரூபாய் என்றால் 67,000 ரூபாய்க்கு முடித்துவிட்டு, மிச்சம் மூவாயிரத்தைப் புரோக்கரும் லோடு போடுகிறவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். எல்.ஆரில் 67,000, கணக்கில் 67,000, வங்கியில் வந்ததும் 67,000. அன்றைய வாடகை என்ன என்று வேறு யாரிடமாவது கேட்டால் ஒழிய இது வெளியே வராது. டீசலுக்கு வண்டியை இந்தப் பங்க்குக்கு அனுப்பு, டயரை இந்தக் கடையில் எடு என்று சொல்வதற்குக் கிடைக்கும் சில்லறையும் இதே வகைதான்.

மூன்றாவது வாசல் வெளி வண்டி. சொந்த வண்டி ஷெட்டில் நிற்கும்போதே, அலுவலகத்துக்கு வந்த லோடை வெளியார் வண்டிக்குக் கொடுத்து, அவரிடம் தனியாக வாங்கிக்கொள்வது. நம் வண்டிகளுக்குள்ளேயே ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் அனுப்பினால் ஷெட்டில் நிற்கும் மொத்த நாட்கள் பெரும்பாலும் மாறாது, அநியாயம் ஓட்டுநருக்குத்தான். லோடு வெளியே போனால் நின்ற நாள் முழுக்க முதலாளி தலையில் விழுகிறது. மாதத் தவணை 66,000 ரூபாய் உள்ள வண்டிக்கு ஒரு நாள் நிற்பது என்பது இன்ஷூரன்ஸ், வரி, பர்மிட் எதையும் சேர்க்காமலே 2,200 ரூபாய். மூன்று நாள் நின்றால் 6,600. வெளி வண்டிக்காரரிடமிருந்து மைத்துனருக்குக் கிடைத்தது ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோதான். திருடியவருக்கு அடித்த லாபத்தைப் போலப் பல மடங்கு பறிகொடுத்தவருக்கு நட்டம் என்பதுதான் இந்தத் திருட்டின் கொடுமை.

எந்த வாசல் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். மூன்று மாத டிரிப் நோட்டை எடுத்து, ஒவ்வொரு வண்டியும் ஷெட்டுக்கு வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டையும் மட்டும் ஒரு தாளில் எழுதினால் போதும். மேலே சொன்ன அலுவலகத்தில் நான் அப்படி எழுதியபோது, மூன்று வண்டிகள் வந்த மறுநாளே கிளம்பியிருந்தன. அதே மாடல், அதே பத்துச் சக்கரம், அதே நேஷனல் பர்மிட் உள்ள ஐந்து வண்டிகள் சராசரியாக நான்கு நாள் நின்றிருந்தன. அது முதல் வாசல். பிறகு இ-வே பில் (சரக்கு போவதற்கு அரசுத் தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) தளத்தில் அலுவலகத்தின் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்த பில்களைத் திறந்து, இரண்டாம் பகுதியில் பதிவாகியிருந்த வண்டி எண்களைப் பார்த்தோம். நம் வண்டிகள் நின்ற அதே நாட்களில், நமக்கு வந்த பதினொரு லோடுகள் வேறு எண் வண்டிகளில் போயிருந்தன. அது மூன்றாவது வாசல். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்ட 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு அதே ஆண்டு ஜூன் 2 முதலும் இந்தப் பில் கட்டாயம் என்பதால், லோடு போடுகிறவர் நினைத்தாலும் மறைக்க முடியாத பதிவு இது ஒன்றுதான். நாமக்கல் முட்டை வண்டிக்காரர்களுக்கு இது உதவாது. முட்டைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் பில்லும் தேவையில்லை. அவர்கள் பண்ணைக் கேட் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இனி வழிகள். முதலில் எல்லோர் வாயிலும் வருவது ஆளை மாற்றுவது. லஞ்ச ஒழிப்பில் புகார் கொடுக்க முடியாதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. முடியாது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர் வாங்குவதைப் பற்றியது. 2018இல் திருத்தியபோதும், வணிக நிறுவனங்கள் அரசு ஊழியருக்குக் கொடுப்பதைத்தான் அதில் சேர்த்தார்களே தவிர, ஒரு தனியார் இன்னொரு தனியாரிடம் வாங்குவது அதன் எல்லைக்குள் வரவில்லை. மிஞ்சுவது நம்பிக்கை மோசடி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 408ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(4) ஆக வந்திருக்கும் பிரிவின்படி, எழுத்தரோ வேலையாளோ தம்மிடம் ஒப்படைத்த சொத்தை மோசம் செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் ஒப்படைத்த சொத்து என்று ஒன்றைக் காட்ட வேண்டும். பார்ட்டியிடம் (சரக்குக்காரரிடம்) வண்டி காத்திருந்ததற்கான ஹால்டிங் தொகை வாங்கிக் கணக்கில் ஏற்றாமல் விட்டிருந்தால் காட்டலாம். ஓட்டுநர் தன் பேட்டாவிலிருந்து கொடுத்த ஐநூறை முதலாளியின் சொத்து என்று எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது?

சட்டத்தை விட்டுவிட்டு ஆளை நிறுத்துவதை மட்டும் பார்த்தாலும், அவர் போகும்போது லோடுகளும் அவரோடு போகும். புரோக்கர் எண்களும் பார்ட்டி எண்களும் அந்தச் சட்டைப் பைக் கைப்பேசியில்தான் இருக்கின்றன. புதிதாக வருபவர் அந்த எண்களைச் சேர்ப்பதற்குள் மூன்று மாதம் வண்டிகள் தள்ளாடும். சேர்த்து முடித்த நான்காவது மாதம் அதே நாற்காலியும் அதே மூன்று அதிகாரங்களும் அவர் கையில் இருக்கும். மூன்று ஆண்டுகளில் நான்கு மேனேஜர்களை மாற்றிய ஓர் அலுவலகத்தை எனக்குத் தெரியும். நான்காமவர் முதலாமவரைவிட மோசம் என்று சொல்ல முடியாது, கெட்டிக்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம். திருட்டு கையும் களவுமாகப் பிடிபட்டால் நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மருந்து என்று நினைத்து நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அடுத்தது முதலாளியே அந்த நாற்காலியில் உட்காருவது. ஐந்தாறு வண்டி வரை இதைவிட நல்ல வழி இல்லை. அதற்கு மேல் விடிகாலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை தொலைபேசியை இறக்கி வைக்க முடியாது, கடன்காரரையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் பார்க்க நேரம் இருக்காது. 24 வண்டிக்காரருக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, செயலியும் ஜி.பி.எஸ்.ஸும். இளைய தலைமுறை முதலாளிகள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஜி.பி.எஸ். வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும், ஏன் நிற்கிறது என்று சொல்லாது. ஆகவே டீசல் திருட்டுக்கு அது உதவுகிற அளவுக்கு இந்தத் திருட்டுக்கு உதவாது. லோடு செயலிகள் இரண்டாவது வாசலை நன்றாக அடைக்கக் கூடியவை. சேலத்திலிருந்து நாக்பூருக்கு இன்று என்ன வாடகை ஓடுகிறது என்பது நாலு பேர் பார்க்கும் திரையில் வந்துவிட்டால், 67,000 ரூபாய்க்கு முடித்தேன் என்று சொல்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். ஆனால் தொழில் முழுவதையும் செயலியிலேயே நடத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நம் ஊரில் அட்வான்ஸ் போக மிச்ச வாடகை கைக்கு வருவது புரோக்கரின் சொல்லை நம்பித்தான். சரக்குக் குறைந்தது, தார்ப்பாய் நனைந்தது என்று நாக்பூரில் தகராறு வந்தால், இருபது ஆண்டுப் பழக்கமுள்ள புரோக்கர் இரண்டு பேரிடம் பேசித் தீர்த்துவைப்பார். முகம் தெரியாத பார்ட்டி தொலைபேசியை எடுக்க மாட்டார். ஆகவே செயலியைத் தராசாக வைத்துக்கொள்வது நல்லது, கடையாக வைத்துக்கொள்வது இப்போதைக்கு வேண்டாம். தராசாக மட்டும் வைக்கும்போது முதல் வாசலும் மூன்றாவது வாசலும் திறந்தே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவது வரிசை முறை. சீரியல் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். எந்த வண்டி முதலில் ஷெட்டுக்கு வந்ததோ அதற்கே முதல் லோடு. வரிசை சுவரில் ஒரு கரும்பலகையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கும். சொல்வதற்கு இவ்வளவு எளிமையாக இருப்பதால் பலர் இதை ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதுவே முதல் வாசலுக்கு நேரடியான மருந்தாகத் தெரிகிறது. கொடுத்தாலும் முன்னால் போக முடியாது என்று தெரிந்த பிறகு யாரும் கொடுக்க மாட்டார்கள். மூன்றாவது வாசலிலும் இது பாதியை அடைத்துவிடும். பலகையில் ஆறு வண்டி எண்கள் நிற்கும்போது லோடு வெளி வண்டிக்குப் போனால், டீக்கடைக்கு வரும் கிளீனருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

வரிசை முறை என்றதும் வடக்கே நடந்ததைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் உண்டு. பஞ்சாபில் லாரிச் சங்கங்கள் ஊர் ஊராக வரிசை வைத்து, வெளி வண்டியை உள்ளே விடாமல் வாடகையையும் தாங்களே நிர்ணயித்ததால், அந்தக் கூட்டுக் கட்டுப்பாட்டைத் தடுக்க அரசு 2017இல் தனி விதிகளே கொண்டுவர வேண்டி வந்தது. இமாசலத்தில் பர்மாணா, தார்லாகாட் சிமெண்ட் ஆலைகள் 2022 டிசம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை, லாரிச் சங்கங்களோடு ஏற்பட்ட வாடகைத் தகராறில் மூடிக் கிடந்தன. இவை உண்மைதான். ஆனால் அங்கே வரிசையும் வாடகையும் ஒரே கையில் இருந்தன. ஊர் முழுவதற்கும் ஒரே வரிசை. ஒரு முதலாளி தம் 24 வண்டிகளுக்குள் வைக்கும் வரிசை வாடகையைத் தொடுவதே இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

உண்மையான குறைகள் வேறு. நெடுந்தூரத்துக்கும் பக்கத்து ஓட்டத்துக்கும் ஒரே வரிசை வைத்தால், ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிப் போய் மாலையே திரும்பியவர் தம் முறையை இழந்துவிடுவார். அதனால் இரண்டு வரிசைகள் வேண்டும். எல்லா வண்டியும் எல்லா லோடுக்கும் ஏற்றதில்லை. தார்ப்பாய் கிழிந்த வண்டியில் சர்க்கரை ஏற்ற முடியாது, எஃப்.சி. (தகுதிச் சான்று) முடியப்போகும் வண்டியைக் கௌஹாத்திக்கு அனுப்ப முடியாது. ஆகவே வரிசையைத் தாண்டும் உரிமை யாருக்காவது இருந்தே தீரும், கையூட்டு மெல்ல அந்த உரிமைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தாண்டும்போதெல்லாம் காரணத்தைப் பலகையிலேயே எழுத வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காப்பு எனக்குத் தெரியவில்லை. 'தார்ப்பாய் சரியில்லை' என்று எழுதினால், அந்த ஓட்டுநரே தார்ப்பாயைக் கொண்டுவந்து விரித்துக் காட்டிவிடுவார்.

இன்னொரு ஓட்டை வந்த நேரம். நான் முன்னால் வந்தேன், நீ பின்னால் வந்தாய் என்ற சண்டையில் நேரத்தை எழுதுபவர் மறுபடியும் ராஜாவாகிவிடுவார். இதற்கு விடை முதலாளியின் கைப்பேசியிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமாகிவிட்டது. சேலத்துப் பக்கமிருந்து வரும் வண்டி வைகுந்தம் சாவடியையும், கோவைப் பக்கமிருந்து வரும் வண்டி விஜயமங்கலம் சாவடியையும் தாண்டித்தான் சங்ககிரிக்கு வர வேண்டும். பணம் பிடித்த குறுஞ்செய்தியில் நாளும் நேரமும் இருக்கும். அந்த நேரத்தையே வரிசைக்கான நேரமாக வைத்துவிட்டால், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பாஸ்டேக்கில் பதிவான எண் லோடு போடுகிறவருடையதாக இருந்தால் முதலில் அதை மாற்றிவிட வேண்டும். நான் பார்த்த அலுவலகத்தில் 24இல் 17 வண்டிகளுக்கு அவருடைய எண்தான் பதிவாகியிருந்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, வண்டி எடுத்த அன்று ஓடியாடியவர் அவர் என்பதால்.

ஐந்தாவது வழி, வாடகை பேசுவதையும் வண்டி அனுப்புவதையும் பிரிப்பது. பெரிய நிறுவனங்களில் இதற்கு இரண்டு ஆட்கள் இருப்பார்கள். நம் அளவில் இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் வாடகையை முடிக்கும் கடைசி வார்த்தையை மட்டும் முதலாளி வைத்துக்கொள்ள முடியும். லோடு போடுகிறவர் லோடைக் கண்டுபிடித்து, பார்ட்டியையும் எடையையும் சொல்வார். முதலாளி செயலியில் ஒரு பார்வை பார்த்து, வேறொரு புரோக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டு, முடிக்கலாம் என்பார். 24 வண்டிக்கு ஒரு நாளில் மூன்று நான்கு லோடுகளுக்கு மேல் வராது. அரை மணி நேர வேலை. இது இரண்டாவது வாசலை அடைக்கும். மைத்துனருடைய முகத்தில் அடிக்காமல் செய்யக் கூடியதும் இதுதான். "டீசல் விலை ஏறிப்போச்சு, வாடகையை இனி நானும் ஒரு தடவை பார்க்கறேன்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் சண்டை வராது.

ஆறாவது, திருட்டாக வாங்குவதைச் சம்பளமாகவே கொடுத்துவிடுவது. லட்சக்கணக்கில் வாடகை பேசுபவருக்கு ஷெட் காவலாளியைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சம்பளம் கொடுத்துவிட்டு யோக்கியமாக இரு என்று எதிர்பார்ப்பது நம் தொழிலின் பழைய பழக்கம், அதற்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. ஆனால் எதன்மேல் கமிஷன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிரிப் எண்ணிக்கைமேல் வைத்தால் பக்கத்து ஓட்டங்கள் பெருகும். வாடகைத் தொகைமேல் வைத்தால் அதிக எடைக்கு ஆசை வரும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். மூன்று டன் கூட ஏற்றிப் பிடிபட்டால் 26,000 ரூபாய், கமிஷன் வாங்கியவர் அதில் ஒரு பைசா கட்ட மாட்டார். சொந்த வண்டி ஷெட்டில் நிற்காமல் லோடோடு ஓடிய நாட்களின்மேல், அதுவும் மிச்ச வாடகை வந்து சேர்ந்த பிறகு என்று வைத்தால்தான் வெளி வண்டிக்கு லோடு கொடுப்பதில் அவருக்கே நட்டம் வரும். மூன்றாவது வாசலின் மிச்சப் பாதியை இது அடைக்கும். ஒரு எச்சரிக்கை: இதை முதலில் செய்யக் கூடாது. பலகையும் வாடகையில் முதலாளியின் கடைசி வார்த்தையும் இல்லாத இடத்தில் கமிஷன் கொடுத்தால், பழைய வரும்படி அப்படியே இருக்க, அதன்மேல் புதியதும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே 24 வண்டி முதலாளிக்கு என் பதில் இது. மைத்துனரை நிறுத்த வேண்டாம். அவருடைய நாற்காலியிலிருந்து இரண்டு அதிகாரங்களை இறக்கிவிடுங்கள். வரிசை பலகைக்குப் போகட்டும், வாடகையின் கடைசி வார்த்தை உங்களிடம் வரட்டும், லோடைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் அவரிடம் இருக்கட்டும். அதில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். ஆறு மாதம் பார்த்துவிட்டு, ஓடிய நாளுக்குக் கமிஷன் என்று பேசுங்கள். மாதம் ஒரு முறை இ-வே பில் தளத்தை நீங்களே திறந்து வண்டி எண்களைப் பாருங்கள், அதை என்னிடம் கூட விடாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் வெளி வண்டி எண்கள் வந்துகொண்டே இருந்தால், அன்று நிறுத்துவதற்கு வீட்டில் காட்டக் கையில் தாள் இருக்கும். பத்து வண்டிக்குள் இருப்பவர்களுக்குப் பலகை போதும், ஐந்துக்குள் என்றால் அதுவும் வேண்டாம். நூறு வண்டிக்காரர்களுக்குச் சம்பளத்துக்கு இரண்டு ஆட்கள் வைப்பதுதான் சரி.

இதில் எதுவும் நாக்பூரில் ஓட்டுநரே தேடிப் பிடிக்கும் ரிட்டர்ன் லோடைத் தொடாது. அங்கே புரோக்கருக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நடப்பது வேறு கதை, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். பலகை மாட்டிய முதல் நாள் முதல் வரிசையை யார் எழுதுவது? அதை மேனேஜர் எழுதினால் அன்றே பேச்சு வந்துவிடும். ஆயுத பூஜைக்கு முடிந்தவரை எல்லா வண்டிகளும் ஊர் திரும்பி, கழுவி, மாலை போட்டு ஷெட்டில் நிற்கும். ஓட்டுநர்களும் குடும்பத்தோடு பொரி கடலை வாங்க வருவார்கள். அன்று எலுமிச்சம் பழத்தை நசுக்கி வண்டிகளை எடுப்பதற்கு முன்னால், எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் பலகையில் ஏற்றிவிடலாம். சீட்டை எடுப்பது முதலாளி வீட்டுக் குழந்தையாக இல்லாமல், அந்த நான்கு நாள் நின்ற ஐந்து வண்டிகளில் ஏதாவது ஒன்றின் ஓட்டுநருடைய பிள்ளையாக இருக்கட்டும்.